காட்டுப்பன்றி என்று நினைத்தேன்

இந்தக் கருத்தரங்கில் பேச அழைத்தபோது 'பாதுகாப்பு உடை' என்று தலைப்பைக் கொடுத்தார்கள். தலைக்கவசம், வெல்டிங் கண்ணாடி, தொழிற்சாலைக் காலணி என்று எனக்கு முன்னால் பேசிய நண்பர்கள் நிறையச் சொல்லிவிட்டார்கள். நான் ஒரே ஒரு உடையைப் பற்றி மட்டும் பேசுகிறேன். இதோ, மேசைமேல் இருக்கும் இந்த ஆரஞ்சு மேலங்கி. ஒளிப்பதிவாளர் இதைப் பார்த்ததும், "கண் கூசுகிறது, கேமராவுக்கும் ஆகாது, எடுத்துவிடுங்கள்" என்றார். எடுக்கப் போவதில்லை. கண்ணைக் கூச வைப்பதுதான் இதற்குக் கொடுத்திருக்கும் வேலை.

அமெரிக்காவிலும் கனடாவிலும் மான் வேட்டைக்குப் போகிறவர்கள் இந்த நிறத்தில்தான் போகிறார்கள். பினாங்கில் யார் மான் வேட்டைக்குப் போகிறார்கள் என்று நீங்கள் சிரிப்பது தெரிகிறது. உண்மைதான். தீபகற்ப மலேசியாவில் கடமான், கேளையாடு வேட்டைக்கு உரிமம் கொடுப்பதை 2009இல் நிறுத்தினார்கள். பிறகு அந்தத் தடையை நீட்டித்தார்கள். புலிக்கு இரை மிஞ்ச வேண்டும் என்பது காரணம். ஆனால் காட்டுப்பன்றி வேட்டை வேறு கதை. செம்பனைக் கன்றைத் தோண்டித் தின்கிறது, மரவள்ளியைக் கிளறுகிறது, பாலிக் புலாவ் பக்கம் டுரியான் விழும் காலத்தில் நமக்கு முன்னால் பழத்தடிக்குப் போய்விடுகிறது. அதனால் வனவிலங்கு இலாகாவின் உரிமத்தோடும், சில இடங்களில் உரிமம் இல்லாமலும், வேட்டை நடக்கிறது. கறியை வாங்குகிறவர்கள் யார்? தீபாவளிக்கு முதல் நாள் 'காட்டான் கிடைக்குமா?' என்று தொலைபேசியில் விசாரிப்பவர்களில் நம் ஆட்களும் உண்டு. ஆகவே இது யாருடைய வேட்டையோ என்று நாம் ஒதுங்கிக்கொள்ள முடியாது.

என் தொழிலில் நான் பலமுறை வாசித்த ஒரு வாக்கியம் இருக்கிறது. ஊர் மாறும், மாநிலம் மாறும், வாக்கியம் மாறாது. "காட்டுப்பன்றி எனத் தவறாகக் கருதப்பட்டுத் தொழிலாளி ஒருவர் சுடப்பட்டார்." மலாய்ச் செய்தியிலும் இதே அமைப்புதான் வரும். முதல் சில தடவை எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. ஒருநாள் ஒலிப்பதிவு அறையில் இரண்டாவது முறை திருத்தி வாசிக்கச் சொன்னார்கள். அப்போதுதான் கவனித்தேன். வாக்கியத்தில் பன்றி இருக்கிறது, தொழிலாளி இருக்கிறார், சுட்டவரைக் காணோம். கருதப்பட்டது, சுடப்பட்டது. யார் கருதினார், யார் சுட்டார்? ஏதோ மழை பெய்தது, மரம் விழுந்தது என்பது போலத் துப்பாக்கி தானாக வெடித்துவிட்டது.

ஊடகவியல் டிப்ளோமா படித்த காலத்தில் செயப்பாட்டு வினையைக் குறைத்து எழுதுங்கள் என்று ஆசிரியர் சொல்வார். நடைக்காகச் சொல்கிறார் என்று நினைத்திருந்தேன்.

நம் பழைய கதைகளில் இப்படி மறைக்கவில்லை. தசரதன் இளவரசனாக இருந்தபோது சரயு நதிக்கரையில் இருட்டில் வேட்டையாடினான். பார்க்காமலே சத்தத்தை வைத்து அம்பு விடுவதில் அவன் கெட்டிக்காரன். குடத்தில் தண்ணீர் முகரும் சத்தம் கேட்டது. யானை தண்ணீர் குடிக்கிறது என்று நினைத்தான். போய்ப் பார்த்தால், கண் தெரியாத தாய் தகப்பனுக்குத் தண்ணீர் எடுக்க வந்த பிள்ளை. அந்தப் பெற்றோர் 'எங்கள் மகன் ஏன் குரல் கொடுக்காமல் தண்ணீர் எடுத்தான்' என்று தலையில் அடித்துக்கொள்ளவில்லை. அம்பு விட்டவனைச் சபித்தார்கள். இராமாயணத்தில் பின்னால் வரும் பிரிவுக்கெல்லாம் அந்த இரவு ஒரு வேர். பாரதத்தின் முடிவில் கண்ணனின் உயிர் போவதும் ஒரு வேடனின் அம்பில்தான். மரத்தடியில் படுத்திருந்தவரின் பாதத்தை மான் என்று நினைத்தான். கண்ணன் அவனை மன்னித்தார். அது கண்ணனின் பெருமை. வேடன் செய்தது தவறில்லை என்று கதை சொல்லவில்லை.

தசரதனுடைய திறமையைக் கவனியுங்கள். சத்தம் கேட்டு அடிப்பது வேட்டைக்காரர்கள் இன்றும் பெருமையாகப் பேசும் விஷயம். "புதர் அசைந்தது, போட்டேன்" என்று காப்பிக்கடையில் சொல்வதை நானே கேட்டிருக்கிறேன். பன்றி விழுந்தால் அது வீரம். வேறு ஏதாவது விழுந்தால்?

இப்போது ரப்பர்த் தோட்டத்துக்கு வருவோம். மரம் சீவுகிறவர் ஏன் விடியுமுன் கிளம்புகிறார்? குளிர்ச்சியான நேரத்தில் மரத்துக்குள் நீரின் அழுத்தம் அதிகம், பால் நன்றாக ஓடும். வெயில் ஏற ஏறப் பால் குறையும். அதனால் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு இருட்டிலேயே இறங்குகிறார். பன்றியும் இரவெல்லாம் மேய்ந்துவிட்டுப் புதருக்குத் திரும்பும் நேரம் அதுதான். வேட்டைக்காரர் காத்திருக்கும் நேரமும் அதுதான். மூன்று பேருக்கும் ஒரே கடிகாரம்.

சீவுகிறவர் எப்படி நிற்கிறார் என்பதையும் நினைத்துப் பாருங்கள். வெட்டு தாழ்வாக இறங்கிவிட்ட மரத்தில் முதுகை வளைத்துக் குனிந்து நிற்கிறார். உடம்பில் பழைய முழுக்கைச் சட்டை. கறுப்பா பழுப்பா என்று சொல்ல முடியாதபடி பால் கறை ஏறிக் காய்ந்திருக்கும். கொசுவுக்காக எல்லாவற்றையும் மூடிக்கொண்டிருப்பார். மரத்துக்கு மரம் நகர்கிறார், காய்ந்த இலை சரசரக்கிறது. செம்பனைத் தோட்டத்தில் உதிரிப் பழம் பொறுக்குகிறவர் இன்னும் மோசம், குந்தி உட்கார்ந்துதான் வேலை. டுரியான் பழத்தடியில் கூடை வைத்துக் குனிகிறவரும் அப்படியே. அறுபது எழுபது அடி தூரத்தில், மங்கிய வெளிச்சத்தில், குனிந்த கறுத்த உருவம் ஒன்று அசைகிறது.

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்கிறோம். இரவெல்லாம் பன்றிக்காகக் காத்திருந்தவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பன்றி. இதைக் கேலியாகச் சொல்லவில்லை. கண் பாதிதான் பார்க்கிறது. மீதியை மனசு எதிர்பார்ப்பை வைத்து நிரப்பிக்கொள்கிறது. வேட்டை விபத்துகளுக்குப் பிறகு 'கொம்பைப் பார்த்தேன், வாலைப் பார்த்தேன்' என்று சத்தியம் செய்கிறவர்கள் எல்லாரும் பொய் சொல்கிறவர்கள் அல்லர். உண்மையிலேயே பார்த்ததாக அவர்களுக்குத் தோன்றுகிறது. பயமே அங்கேதான் இருக்கிறது.

இந்த ஆரஞ்சு எதற்காக வந்தது என்றால், மனசு அப்படி நிரப்பிக்கொள்வதைத் தடுக்கத்தான். முன்பு அமெரிக்க வேட்டைக்காரர்கள் சிவப்புச் சட்டை போட்டார்கள். பட்டப்பகலில் சிவப்பு எடுப்பாகத் தெரியும், சரி. ஆனால் வெளிச்சம் குறையும்போது நம் கண்ணுக்கு முதலில் மங்குவது சிவப்புதான். சாயங்காலம் வெளிச்சம் மங்கும் நேரத்தில் செம்பருத்திச் செடியைப் பாருங்கள், இலை பச்சையாகத் தெரியும்போதே பூ கறுத்துப்போயிருக்கும். சிவப்புச் சட்டையும் அப்படித்தான் கறுத்துவிடும். மான் நடமாடுவதோ அந்தி நேரத்தில். சிவப்பு பச்சை பேதம் தெரியாத கண்ணோடு பிறக்கிற ஆண்களும் உண்டு. ஐரோப்பிய வம்சாவளியினரில் நூற்றுக்கு 8 ஆண்கள் வரை இப்படி, ஆசியர்களில் கொஞ்சம் குறைவு. அவர்களில் பலருக்கு அந்தக் குறை இருப்பதே தெரியாது.

1960ஐ ஒட்டி மாசசூசெட்ஸ் மாநில வனவிலங்குத் துறை இதைச் சோதித்துப் பார்த்தது. ஓர் இராணுவ முகாமில் பல நிறத் துணிகளைக் காட்டுக்குள் வைத்து, நல்ல கண்ணுள்ளவர்களையும் நிறக்குறை உள்ளவர்களையும் பார்க்கச் சொன்னார்கள். சிவப்பு தோற்றது. மஞ்சள் சில வெளிச்சத்தில் வெள்ளை போலத் தெரிந்தது. அந்த ஊர் மானின் வாலடி வெள்ளை, அதனால் அது ஆபத்து. வென்றது இந்த ஒளிரும் ஆரஞ்சு.

சாயம் பிறந்த கதையும் கேட்கத்தக்கது. 1930களில் கலிபோர்னியாவின் பெர்க்லியில் பாப் சுவிட்சர் என்ற இளைஞர் வேலையிடத்தில் விழுந்து தலையில் அடிபட்டார். பார்வை தேறும்வரை இருட்டறையில் இருக்கச் சொன்னார்கள். இருட்டறையில் சும்மா இருக்க முடியாமல், அவரும் தம்பி ஜோவும் புற ஊதா விளக்கில் ஒளிரும் பொருள்களைத் தேட ஆரம்பித்தார்கள். அப்பாவின் மருந்துக்கடைப் புட்டிகளைத்தான் முதலில் துழாவினார்கள். பின்னாளில் 'டே-குளோ' என்று உலகம் அறிந்த சாயம் அப்படித்தான் வந்தது. இரண்டாம் உலகப் போரில் விமானத்துக்குத் தரையிலிருந்து அடையாளம் காட்டும் துணிகளுக்கு அது பயன்பட்டது.

சாதாரணச் சாயம் தன்மேல் விழும் ஆரஞ்சு வெளிச்சத்தை மட்டும் திருப்பித் தரும். இந்தச் சாயம் கண்ணுக்குத் தெரியாத புற ஊதாவையும் நீலத்தையும்கூட விழுங்கி, அதையும் ஆரஞ்சாக மாற்றிக் கக்கும். வரவைவிடச் செலவு அதிகம் போலத் தோன்றும், ஆனால் கணக்கு சரிதான். மேகமூட்டமான நாளில், சூரியன் மறைந்த பிறகும் வானத்தில் நீல வெளிச்சம் மிச்சமிருக்கும். அப்போது மற்ற நிறங்கள் மங்கும், இது எரிவது போல நிற்கும். காட்டில் இந்த நிறத்தில் வேறு எதுவும் கிடையாது. தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை ஏறும்போது நாம் உடுத்தும் மஞ்சளும் காவியும் இதற்கு ஈடாகாது. அவை ஒளிராத சாயம். ஆரஞ்சு உடுத்தியிருக்கிறேனே என்று விடியற்காலையில் சாலையோரம் நடக்கும் பக்தர்களுக்கு இதையும் சொல்லி வைக்கிறேன்.

நல்லது, இவ்வளவு கண்ணைப் பறிக்கும் உடையைப் போட்டால் மான் ஓடிவிடாதா? ஓடாது. மானின் கண்ணில் நிறத்தை அறியும் செல் இரண்டே வகை. நமக்கு மூன்று. 1990களில் ஜார்ஜியா பல்கலைக்கழகத்தில் வெள்ளைவால் மானின் கண்ணைச் சோதித்து இதை உறுதி செய்தார்கள். சிவப்பு ஆரஞ்சுப் பக்கம் அதன் பார்வை மந்தம், நீலப் பக்கம் கூர்மை. ஆரஞ்சு அதற்கு மங்கிய மண்நிறம் போலத்தான். பன்றிக்கும் இரண்டு வகைச் செல்தான். நீல ஜீன்ஸ் போட்டுக்கொண்டு வேட்டைக்குப் போகிறவர்தான் விலங்குக்கு நன்றாகத் தெரிகிறார். மனிதனுக்கு மட்டும் தெரிந்து விலங்குக்குத் தெரியாத ஒரு நிறம். இதைவிட வசதியாக இயற்கை நமக்கு எதைத் தர வேண்டும்? அப்படியும் நான் நேரில் பார்த்த நம் வேட்டைக் கூட்டங்களில் ஒருவர்கூட ஆரஞ்சு போட்டிருக்கவில்லை. எல்லாரும் புள்ளி போட்ட பச்சை. பன்றியிடமிருந்து ஒளிகிறோம் என்று நினைத்து ஒருவரிடமிருந்து ஒருவர் ஒளிந்துகொள்கிறார்கள்.

சட்டமாக்கிய மாநிலங்களில் இந்த உடை உயிர்களைக் காத்திருக்கிறது, அதில் சந்தேகம் வேண்டாம். ஆனால் எல்லா இடத்திலும் உடனே சட்டம் வந்துவிடவில்லை. நியூயார்க் மாநிலம் துப்பாக்கியோடு மான் வேட்டைக்குப் போகிறவர்களுக்கு இதைக் கட்டாயமாக்கியது 2021இல்தான். விஸ்கான்சினில் 1980இலேயே கட்டாயம். அங்கே 2016இல் பளீர் இளஞ்சிவப்பையும் அனுமதித்தார்கள். பெண் வேட்டைக்காரர்களைக் கவர்வதற்காம். எங்களை யாரும் கேட்கவில்லையே என்று சில பெண்களே அப்போது முகம் சுளித்தார்கள்.

இதுவரை கேட்டவர்கள், சரி, எல்லாத் தோட்டத் தொழிலாளிக்கும் ஆளுக்கொரு ஆரஞ்சு மேலங்கி கொடுத்துவிட்டால் முடிந்தது என்று நினைக்கலாம். நானும் அப்படித்தான் நினைத்தேன். இந்தப் பேச்சுக்காகப் படிக்க ஆரம்பித்த பிறகு அந்த நினைப்பு மாறிவிட்டது. மாற்றியவை இரண்டு சம்பவங்கள்.

1988 நவம்பர் 15. அமெரிக்காவின் மேய்ன் மாநிலத்தில் ஹெர்மன் என்ற ஊர். ஒரு வயது நிறைந்த இரட்டைக் குழந்தைகளின் தாய், வீட்டுக் கொல்லைக்கு வருகிறார். குளிர்காலம், கையில் வெள்ளைக் கையுறை. மான் வேட்டைக்கு வந்தவர் வாலின் வெள்ளையைப் பார்த்ததாக நினைத்துச் சுட்டார். அந்தத் தாய் இறந்துபோனார். பிறகு நடந்ததுதான் என்னை உலுக்கியது. 'வேட்டைக் காலத்தில் ஆரஞ்சு போடாமல், வெள்ளைக் கையுறையோடு ஏன் வெளியே வந்தார்?' என்று ஊரில் பலர் கேட்டார்கள். பத்திரிகைக்கும் கடிதம் எழுதினார்கள். தன் வீட்டுக் கொல்லையில் நின்ற பெண்ணை! சுட்டவர்மேல் வழக்கு நடந்தது, 1990இல் ஜூரி அவரை விடுவித்தது. ஆனால் அதோடு நிற்கவில்லை. 1991இல் அந்த மாநிலம் ஒரு சட்டம் கொண்டுவந்தது. சுடுமுன் இலக்கு இன்னதுதான் என்று உறுதிப்படுத்திக்கொள்வது சுடுகிறவரின் கடமை என்று அது சொல்கிறது. விலங்கின் தலையும் உடம்பும் தெரிய வேண்டும். அசைவோ சத்தமோ நிறமோ மட்டும் போதாது.

இரண்டாவது சம்பவத்தை நீங்களும் செய்தியில் பார்த்திருப்பீர்கள். 2006 பிப்ரவரி 11, டெக்சஸ். அமெரிக்கத் துணை அதிபராக இருந்த டிக் செனி காடை வேட்டைக்குப் போனார். எழுந்து பறந்த காடையைத் தொடர்ந்து துப்பாக்கியைத் திருப்பிச் சுட்டார். குண்டு பாய்ந்தது நண்பர் ஹாரி விட்டிங்டன் மேல். 78 வயது வழக்கறிஞர், முகத்திலும் கழுத்திலும் மார்பிலும் சிறு குண்டுகள் பாய்ந்தன. அவர் போட்டிருந்தது என்ன உடை தெரியுமா? இதே ஆரஞ்சு. முதலில் வெளியான விளக்கங்கள், அவர் பின்னால் வந்ததைக் குரல் கொடுத்துச் சொல்லவில்லை என்ற பக்கம் சாய்ந்தன. பிறகு செனி தொலைக்காட்சியில், சுட்டது நான்தான், பொறுப்பு என்னுடையது என்று ஏற்றுக்கொண்டார். அதன் பிறகு, மருத்துவமனையிலிருந்து வெளியே வந்த விட்டிங்டனே செனி பட்ட சிரமத்துக்காக வருத்தம் தெரிவித்தார். குண்டு வாங்கியவர் வருத்தம் தெரிவித்தார்! விட்டிங்டன் 2023 வரை வாழ்ந்து 95 வயதில் காலமானார்.

ஆரஞ்சு போடாத தாயையும் குற்றம் சொன்னார்கள், ஆரஞ்சு போட்டவரையும் குற்றம் சொன்னார்கள். அப்படியானால் பிரச்சினை சட்டையில் இல்லை.

தொழிலாளிக்கு மட்டும் மேலங்கி கொடுத்துவிட்டு நாம் ஓய்ந்துவிட்டால் என்ன ஆகும்? அடுத்த விபத்தில் வரும் முதல் கேள்வி, 'மேலங்கி போட்டிருந்தாரா?' என்பதாக இருக்கும். சோற்றுக்காக வேலைக்குப் போனவர் பொழுதுபோக்குக்காக வந்தவருக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கும். 2021 நவம்பரில் கேரளாவின் வயநாட்டில், காட்டுப்பன்றியிடமிருந்து நெல் வயலைக் காக்கப் போன ஓர் இளைஞர் சுடப்பட்டு இறந்தார். பன்றி என்று நினைத்தோம் என்றார்கள், கைதானவர்கள். வயலுக்குக் காவல் போனவர் எந்த நிறத்தில் போயிருக்க வேண்டும் என்று நாம் கேட்பதா?

நம் நாட்டில், கவனக்குறைவால் மரணம் விளைவித்ததற்குத் தண்டனைச் சட்டத்தின் 304ஏ பிரிவு இருக்கிறது. இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். துப்பாக்கி வைத்திருக்க 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி போலீஸ் உரிமம், வேட்டைக்கு 2010ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி இன்னொரு உரிமம். காகிதத்துக்குக் குறைவில்லை. உரிமம் கையில் வாங்கும் நேரத்தில் ஆரஞ்சையும் சேர்த்துக் கட்டாயமாக்கினால் என்ன என்பதுதான் என் கேள்வி. துப்பாக்கி தூக்குகிறவர் போடட்டும். முதலில் அவர் போடட்டும். அவர் ஆரஞ்சு போட்டால் சீவப் போகிறவருக்கு நூறு கெஜத்திலேயே தெரியும், இன்றைக்கு இந்த நிரையில் வேட்டை நடக்கிறது, நாம் அந்தப் பக்கம் போக வேண்டாம் என்று. மேலங்கியை நான் இப்படித்தான் பார்க்கிறேன். ஆபத்தைக் கொண்டுவருகிறவர் தன்னைக் காட்டிக்கொள்ள வேண்டும்.

இது புதிய யோசனை அல்ல. நம் நாடு ஏற்கனவே செய்து காட்டியிருக்கிறது. 1992இல் மோட்டார் சைக்கிள்கள் பகலிலும் முன்விளக்கைப் போட வேண்டும் என்று விதி வந்ததை உங்களில் மூத்தவர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். ஜூலையில் பிரசாரம், செப்டம்பரில் கட்டாயம். பட்டப்பகலில் விளக்கா, பேட்டரி போய்விடுமே என்று நம் ஜாலான் டத்தோ கிராமாட் பட்டறைகளில் எவ்வளவு கிண்டல்! பிறகு ராடின் உமார் குழுவினர் ஆராய்ந்தார்கள். 'கண்ணுக்குத் தெரியவில்லை' வகை மோட்டார் சைக்கிள் விபத்துகள் ஏறக்குறைய 29 விழுக்காடு குறைந்திருந்தன. கிண்டல் நின்றது. இப்போது சாவியைத் திருப்பினாலே விளக்கு எரியும்படிதான் வண்டியே வருகிறது. தனியாள் நினைத்துப் போடும் சட்டையைவிட, எல்லாருக்கும் பொதுவான விதி அதிகம் காக்கும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை.

மேலங்கியை வாங்க நினைக்கிறவர்களுக்கு ஒரு முக்கியமான எச்சரிக்கை. ஒளிரும் துணி இருட்டில் ஒளிராது. அது விழுங்குவதற்கு வெளிச்சம் வேண்டும். நள்ளிரவில் இந்த ஆரஞ்சும் உங்கள் பழைய பழுப்புச் சட்டையும் ஒன்றுதான். இரவுக்கு உதவுவது இந்தச் சாம்பல் நிறப் பட்டை. விளக்கு எந்தத் திசையிலிருந்து வருகிறதோ அதே திசைக்கு வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பும். டார்ச் அடிக்கிறவர் கண்ணுக்குப் பட்டை பளீரென்று தெரியும், பக்கத்தில் நிற்கிறவருக்கு ஒன்றும் தெரியாது. விடியுமுன் இறங்குகிறவர்களுக்கு இரண்டும் வேண்டும், முதுகிலும் மார்பிலும் வேண்டும். குனிந்திருக்கும்போது வெளியே தெரிவது முதுகுதான். எலுமிச்சை மஞ்சள் மேலங்கி சாலையில் நன்றாக வேலை செய்யும். ஆனால் செம்பனை மட்டைகளுக்கு நடுவே இலையோடு இலையாகப் போய்விடும், தோட்டத்துக்கு ஆரஞ்சே நல்லது. வெயிலில் ஒரு வருஷம் கிடந்தால் ஒளிர்வு போய்விடும். வெளுத்துப்போனதை மாற்றிவிடுங்கள். வன்பொருள் கடையில் பத்துப் பதினைந்து ரிங்கிட்டுக்குக் கிடைக்கிறது.

வேட்டைக்குப் போகும் அண்ணன்மார்களுக்கும் இரண்டு வார்த்தை. முழு விலங்கும் கண்ணில் படும்வரை விரலை விசையில் வைக்காதீர்கள். அதன் பின்னால் என்ன இருக்கிறது என்று பாருங்கள், பன்றிக்குப் போடும் தோட்டாவில் இருப்பது ஒரு குண்டு அல்ல. போவதற்கு முதல் நாள் தோட்டத்து மண்டோருக்கோ பழத்தோட்டக்காரருக்கோ ஒரு தகவல் சொல்லுங்கள். கைத்தொலைபேசி இல்லாத வீடு இன்று இல்லை. அந்தத் தோட்டங்களில் இன்று வேலை செய்கிறவர்களில் பலர் வங்காளதேசத்தவர், இந்தோனேசியர், நேப்பாளிகள். நம் தமிழ் அறிவிப்பு அவர்களுக்குப் போய்ச் சேராது, அதையும் யோசியுங்கள்.

நிபோங் திபாலில் எனக்கு ஓர் அத்தை இருக்கிறார். சிறு நிலத்தில் நாற்பது வருஷமாக மரம் சீவுகிறார். பல வருஷங்களுக்கு முன் அவரோடு வேலை செய்த ஒருவருக்குத் தொடையில் குண்டு பாய்ந்தது. உயிர் பிழைத்தார், ஆனால் அதற்குப் பிறகு ஏணி ஏற முடியவில்லை, சீவவும் முடியவில்லை. சுட்டவர் மருத்துவமனைக்கு ஒரு கூடை ஆரஞ்சுப் பழம் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, பன்றி என்று நினைத்தேன் அண்ணே என்று அழுதாராம். போன மாதம் அத்தைக்கு இதே போல ஒரு மேலங்கி வாங்கிக்கொண்டு போனேன். பன்றிக்கு இந்த நிறம் தெரியாது, மனிதனுக்குத்தான் தெரியும் என்று விளக்கினேன். போட்டுப் பார்த்தார், கண்ணாடியில் திரும்பித் திரும்பி முதுகைப் பார்த்தார். "நல்லாத்தான் இருக்கு தம்பி. நான் போட்டுக்கிறேன். துப்பாக்கிக்காரனுக்கும் ஒண்ணு வாங்கிக் கொடுத்தியா?" என்றார்.

இன்னும் வாங்கிக் கொடுக்கவில்லை. இந்தத் தெரு முனையில் இருக்கும் துப்பாக்கி உரிமக்காரர்களை எனக்குத் தெரியாது, உங்களுக்குத் தெரிந்திருக்கும். செய்தி அறையில் நான் செய்யக்கூடியதை மட்டும் செய்திருக்கிறேன். அடுத்த முறை அந்த வாக்கியம் என் கைக்கு வந்தால், 'காட்டுப்பன்றி என நினைத்து இன்னார் சுட்டார்' என்று திருத்தித்தான் வாசிப்பேன் என்று ஆசிரியர் குழுவிடம் சொல்லிவிட்டேன். பெயர் வெளியாகாத நிலையில் 'ஓர் ஆடவர்' என்றாவது இருக்கட்டும். அவர்கள் சரி என்றிருக்கிறார்கள்.

கேள்விகள் இருந்தால் கேளுங்கள்.